பின்கியர் இழந்த தானியங்கி வான்: பெட்டியைக் கழற்றுமுன் அறிய வேண்டியவை

வவுனியா மாவட்டத்தில் நெல்லோடு கத்தரி, வெண்டி, பயிற்றை, மிளகாய், பூசணி முதலியவற்றையும் செய்கை பண்ணும் கமக்காரருக்கு, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வான் வண்டியும் ஒரு கமக் கருவியே ஆகும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வவுனியா நகரிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. அங்கே நெருக்கமாக நிற்கும் லொறிகளுக்கிடையில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தாமல் மூடைகளை இறக்க இயலாது. முன்னே ஓடும் வண்டி பின்னே வர மறுக்குமாயின், அன்றைய மரக்கறி வெயிலில் வாடும். விலையும் அதனோடு வாடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டிலேயே அத்தடை பெருமளவு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டிகள் வராமையால், 1990 களில் யப்பானிற் செய்யப்பட்ட வான்களே இன்றும் கிராமங்களிற் பாரம் சுமக்கின்றன. ஊரார் ‘டொல்பின்’ என அழைக்கும் ஹைஏஸ், அதனிற் சிறிய லைட்ஏஸ், டவுன்ஏஸ் ஆகியவற்றுட் சில, ‘ஓட்டோ கியர்’ எனப்படும் தானியங்கிக் கியர்ப்பெட்டி உடையவை. வயது முதிர்ந்த இப்பெட்டிகளிற் காணப்படும் குறைகளுள் ஒன்று, ‘றிவேர்ஸ்’ என்று நாம் சொல்லும் பின்கியர் விழாமற் போவதாகும்.

இக்குறையோடு வண்டியைத் திருத்தகத்துக்குக் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் கேட்கும் முதல் வார்த்தை, ‘பெட்டியை இறக்க வேண்டும்’ என்பதே. சில வேளைகளில் அது சரியான வார்த்தையாகவும் இருக்கும். ஆயின், தேய்ந்த ஒரு சிறு புஷ்ஷினாலும், குறைந்துபோன ஒரு போத்தல் எண்ணெயினாலும் பின்கியர் போவதுண்டு. அவற்றுக்காகப் பெட்டியை இறக்குவது, வரம்பில் நண்டு துளைத்த ஓட்டைக்காகக் குளக்கட்டை வெட்டுவதற்கு ஒப்பாகும். பின்கியர் போய்விட்டது என்பது நோயின் பெயரன்று. நோயின் குறி மாத்திரமே.

உழவு இயந்திரத்தின் கியர்ப்பெட்டியை அறிந்தவர் இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். கையால் மாற்றும் அப்பெட்டியில் பின்னோக்கிச் செல்வதற்கெனத் தனியான ஒரு பற்சில்லு உண்டு. அதன் பல் உடைந்தால் பின்கியர் மட்டுமே போகும். மற்றக் கியர்கள் வழமைபோல் வேலை செய்யும். தானியங்கிப் பெட்டியில் அவ்வாறு தனிச் சில்லு இல்லை. முன்னே செல்வதற்கு உதவும் அதே சில்லுத் தொகுதியில், எந்தப் பகுதியைப் பிடித்து நிறுத்துகிறோம், எந்தப் பகுதியைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்தே திசை மாறுகின்றது. பிடிப்பதும் விடுவதும் எண்ணெய் அமுக்கத்தினால் நடைபெறும்.

குளத்து நீரில் வேளாண்மை செய்வோருக்கு இவ்வமைப்பை விளக்குவது எளிது. பெட்டியின் அடித்தட்டிலுள்ள எண்ணெய், குளத்து நீர். எஞ்சினாற் சுழலும் பம்பி அதற்கு அமுக்கம் கொடுக்கின்றது. சாரதியின் கைப்பிடி அசைக்கும் வால்வு, துருசு. வால்வுப் பலகை எனப்படும், ஓடைகள் நிறைந்த உலோகப் பாளம், வாய்க்கால்கள். கிளச் என்றும் பிரேக் என்றும் அழைக்கப்படும் தகட்டுக் கட்டுகள், வயல்கள். எண்ணெய் கசியாமற் காக்கும் றப்பர் வளையங்கள், வரம்புகள். பாவற்குளத்தின் கீழுள்ள ஒரு கமக்காரர் தம் வயலில் நீர் இல்லையெனக் கண்டால் உடனே வயலைத் தோண்ட மாட்டார். குளத்தில் நீர் உண்டா, துருசு சரியாகத் திறந்துள்ளதா என்று முதலிற் பார்ப்பார். பின்னர், அதே வாய்க்காலில் நீர் பெறும் அடுத்த வயலின் நிலை எவ்வாறென்று நோக்குவார். அடுத்த வயலும் காய்ந்திருந்தால் குறை வாய்க்காலில். அது நிரம்பியிருந்தால் குறை தம் வக்கடையில். தானியங்கிப் பெட்டியையும் இவ்வொழுங்கிலேயே ஆராய்தல் வேண்டும்.

முதலிற் குளத்தைப் பார்ப்போம். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பெட்டியைச் சூடாக்கிய பின், சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துச் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைக்கவும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கால்பிரேக்கை மிதித்தவாறு கைப்பிடியை எல்லா நிலைகளுக்கும் ஒரு முறை மெல்ல நகர்த்தி, மீண்டும் ‘பீ’ என்னும் தரிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பின்னரே அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் எண்ணெயை எஞ்சினை நிறுத்திப் பார்க்கும் பழக்கமுடையோர் இங்கும் அவ்வாறே செய்து, எண்ணெய் நிறைய இருப்பதாக ஏமாறுகின்றனர். கம்பியிற் சூட்டு அளவு, குளிர் அளவு என இரு வரைகள் இருக்கும். சூட்டு அளவே நம்பத்தக்கது. அது எண்ணெய் 70 முதல் 80 பாகை செல்சியசு வரை சூடேறிய நிலைக்கு உரியது.

எண்ணெய் குறைந்தால் பம்பி காற்றை உறிஞ்சும், அமுக்கம் விழும். பின்கியருக்கே மிகுந்த அமுக்கம் வேண்டியிருப்பதால், அதுவே முதலில் வாடும் வயல். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும்; நுரைக்கு அமுக்கம் ஏறாது. குறைந்த அளவைச் சிறிது சிறிதாக நிரப்பிப் பார்த்துப் பின்கியர் திரும்பினால், எண்ணெய் எங்கே போயிற்று என்பதைக் கண்டறியாது விடலாகாது. அடித்தட்டின் விளிம்பு, றேடியேற்றருக்குச் செல்லும் குழாய்கள், பின்புறச் சுழல்தண்டின் சீல் ஆகிய மூன்றிடங்களிலும் ஈரம் உண்டாவென்று பார்க்க வேண்டும். எண்ணெயின் வகை பெரும்பாலும் அளவுக் கம்பியிலோ வண்டியின் கைந்நூலிலோ குறிக்கப்பட்டிருக்கும். பழைய பெட்டிகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரன் வகை உரியது. எஞ்சின் எண்ணெயையோ உழவு இயந்திரத்துக் கியர் எண்ணெயையோ அவசரத்துக்கு ஊற்றுவோர் உளர். அது அவசரத்துக்கும் உதவாது.

எண்ணெயின் அளவு போலவே அதன் தோற்றமும் பேசும். ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நலம். கபில நிறமாகிக் கருகிய மணம் வீசினால் தகடுகள் எரிந்திருக்கின்றன. அவ்வண்டியை மேலும் ஓட்டுவது, எரிந்த தூளை நல்ல பாகங்களுக்கும் பரப்புவதாகும். பாலிற் கலந்த சிவப்புப் போல் வெளிறியிருந்தால் நீர் புகுந்துள்ளது. எண்ணெயைக் குளிரச் செய்யும் குழாய் றேடியேற்றரின் உள்ளே செல்வதால், அது அரிக்கப்பட்டால் இரண்டும் கலக்கும். வன்னியிற் கிணற்று நீர் பல இடங்களில் வன்னீராகும். அதையே ஆண்டுக் கணக்கில் றேடியேற்றருக்கு ஊற்றுவது இவ்வரிப்புக்கும் படிவுக்கும் துணைபோகும். மாரியில் நீர் மேவிய பாலங்களைக் கடந்த வண்டியிலும் மூச்சுக்குழாய் வழியே நீர் புகலாம். நீர் கலந்த எண்ணெயில் தகடுகளின் உராய்வுப் பூச்சு ஒட்டு விட்டு உரியும் என்பதால், இதிற் காலந்தாழ்த்துதல் கூடாது.

அடுத்தது துருசு. கைப்பிடி ‘ஆர்’ என்ற எழுத்திற் நிற்பதனால், பெட்டியினுள் உள்ள வால்வும் அங்கே நிற்கின்றது என்று கொள்ளுதல் பிழை. சுக்கானின் அருகே கைப்பிடி உள்ள வான்களிற் கைப்பிடிக்கும் பெட்டிக்கும் இடையே பல இணைப்புக் கோல்களும், சிறு றப்பர் அல்லது பிளாத்திக்குப் புஷ்களும் உண்டு. இவை தேய்ந்தால் வால்வு பாதித் துருசு திறந்தாற்போல் இடையில் நிற்கும். பின்விளக்கைப் பார்ப்பது ஒரு சுலபமான சோதனை. கைப்பிடியை ‘ஆர்’ இற் போட்டும் வெள்ளைப் பின்விளக்கு எரியாது, கைப்பிடியைச் சற்று அழுத்திப் பிடித்தால் எரியுமாயின், இணைப்பின் மீது ஐயங்கொள்ளலாம். ‘பீ’ இலோ ‘என்’ இலோ எஞ்சினைத் தொடக்கும்போது கைப்பிடியை ஆட்டினாற்றான் தொடங்குகிறது என்பதும் அதே குறியாகும். விளக்குக் குமிழ் எரிந்துபோயிருந்தால் இச்சோதனை பயன்படாது என்பதையும் நினைவிற் கொள்க.

எஞ்சினை நிறுத்தி, முட்டுக்கட்டை வைத்து, ஒருவர் கைப்பிடியை நகர்த்த மற்றவர் பெட்டியின் பக்கத்திலுள்ள சிறு நெம்புகோலைப் பார்த்தால் உண்மை வெளிப்படும். பழைய டொயோட்டாப் பெட்டிகளில் இணைப்பைச் சீர்செய்யும் முறை இதுவாகும்: இணைப்பின் சுரையைத் தளர்த்தி, பெட்டியிலுள்ள நெம்புகோலைப் பின்புறமாக அதன் எல்லைவரை தள்ளி, அங்கிருந்து இரண்டு படி முன்னே கொண்டுவந்தால் அது ‘என்’ நிலை. உள்ளே கைப்பிடியையும் ‘என்’ இல் வைத்து, ‘ஆர்’ பக்கமாக இலேசாகச் சாய்த்துப் பிடித்தவாறே சுரையை இறுக்க வேண்டும். பெட்டிக்குக் கை வைக்காமற் பின்கியர் திரும்பி வரும் சந்தர்ப்பங்களுள் இது முக்கியமானது.

இன்னொரு குறை பின்கியர் இழந்ததுபோல் நடிக்கும். கைப்பிடியை ‘என்’ இல் வைத்துப் பிரேக்கை விட்டு மெதுவாக எஞ்சினை இரைத்துப் பாருங்கள். சமதரையில் வண்டி முன்னே நகருமாயின், முன்னோக்கிய கிளச் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கின்றது. அந்நிலையில் ‘ஆர்’ இற் போட்டால் முன்னிழுப்பும் பின்னிழுப்பும் ஒன்றையொன்று மறித்து, எஞ்சின் திணறும் அல்லது நின்றுவிடும். இங்கே போனது பின்கியர் அன்று. முன்கியரே போக மறுக்கின்றது. எஞ்சின் இலகுவாக இரைந்தும் வண்டி அசையாதிருப்பது ஒன்று, எஞ்சின் திணறுவது வேறொன்று. திருத்துநரிடம் சொல்லும்போது இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

இனி, அடுத்த வயலைப் பார்க்கும் சோதனைக்கு வருவோம். இப்பிரசுரத்தில் ஒன்றை மாத்திரம் நினைவில் வைத்திருக்க விரும்புவோர் இதனையே வைத்திருக்கலாம். டொயோட்டாவின் ஏ-40 குடும்பத்தையும் அதன் வழிவந்த ஏ-340 ஐயும் சேர்ந்த பெட்டிகளில், பின்கியருக்கு இரண்டு தகட்டுக் கட்டுகள் ஒருங்கே பிடித்தல் வேண்டும். ஒன்று திருத்துநர் கைந்நூல்களில் ‘சீ-2’ எனக் குறிக்கப்படும் நேர்கிளச். மற்றது ‘பீ-3’ எனப்படும் பிரேக். இவற்றுள் எது கெட்டாலும் பின்கியர் இல்லை. ஆனால் இவையிரண்டும் பின்கியருக்கு மட்டும் உழைப்பவையல்ல. சீ-2 மூன்றாம் கியரிலும் அதற்கு மேலும் வேலை செய்கின்றது. பீ-3, கைப்பிடியை ‘எல்’ இல் வைத்து முதலாம் கியரில் இறக்கத்தில் வரும்போது, எஞ்சினைக் கொண்டு வண்டியைத் தாங்கி நிறுத்துகின்றது.

ஆதலால் வெறுமையான நேர் வீதியில் இரு சோதனைகள் செய்க. முதலாவதாக, ‘எல்’ இல் மணிக்கு 20 கிலோமீற்றரளவில் ஓட்டி, அழுத்தியை முற்றாக விடுங்கள். யாரோ பின்னாற் பிடித்திழுத்தாற்போல் வேகம் தணிந்தால் பீ-3 பிடிக்கின்றது. மிதிப்பதை நிறுத்திய துவிச்சக்கர வண்டிபோல் தன்பாட்டில் உருண்டோடினால் பீ-3 பிடிக்கவில்லை. இவ்வுவமை வெறும் ஒப்புமையன்று. ‘டீ’ நிலையில் முதலாம் கியரைத் தாங்குவது உண்மையாகவே துவிச்சக்கர வண்டியின் பிறீவீலைப் போன்ற ஒருவழிப் பூட்டே. அதனாற்றான் பீ-3 முற்றாகச் செத்த வண்டியும் ‘டீ’ இல் ஒரு குறையுமின்றிப் புறப்படுகின்றது. உரிமையாளரும் முன்கியர்கள் எல்லாம் நலம் என்று எண்ணுகின்றார்.

இரண்டாவதாக, ‘டீ’ இல் மெதுவாக வேகத்தைக் கூட்டி, கியர்கள் மாறும் தருணங்களை எண்ணிக் கவனியுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் எஞ்சின் திடீரென இரைந்து வேகம் ஏறாதிருந்தால், பின்கியரைப் பறித்த குறை சீ-2 இல் அல்லது அதற்குச் செல்லும் எண்ணெய் வழியில் உள்ளது.

‘எல்’ இல் நன்றாகத் தாங்கி, மூன்றாம் கியரும் சரியாகப் பிடித்து, பின்கியர் மட்டும் இல்லையானால், வயல்கள் இரண்டிலும் நீர் உண்டு. துருசிலோ வாய்க்காலிலோ தான் அடைப்பு. அப்போது இணைப்பை மீண்டும் பார்த்து, அதன்பின் வால்வுப் பலகையை ஆராய்தல் தகும். வால்வுப் பலகையை அடித்தட்டைக் கழற்றிக் கீழிருந்தே எடுக்கலாம். பெட்டியை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. செலவில் இது பெரிய வேறுபாடு. ஒரு நியாயமான எச்சரிக்கையும் உண்டு: ‘எல்’ இற் பீ-3 தாங்கும் பாரத்தைவிடப் பின்கியரில் அது தாங்கும் பாரம் மிகுதி. ஆகவே ‘எல்’ இற் பிடிப்பது, தகடுகள் அரைத் தேய்வில் இல்லை என்பதற்கு முழுச் சான்றாகாது. ஏ-340 பெட்டியிற் பின்கியரின் விகிதம் 2.393 ஆகும். எஞ்சினின் முறுக்குவிசையை இரு மடங்குக்கு மேலாக்கித் தள்ளும் இடம் அது என்பதிலிருந்தே அப்பாரத்தை ஊகிக்கலாம்.

குறை எந்நேரத்தில் வருகிறது என்பதையும் குறித்து வையுங்கள். காலையிற் குளிரில் விழாத பின்கியர், பத்து நிமிடம் ஓடியபின் விழுமாயின், றப்பர் வளையங்கள் முதிர்ந்து விறைத்துள்ளன. சூட்டில் அவை சற்றே இளகி வழியை அடைக்கின்றன. இது மெதுவாக வளரும் நோய். மாறாக, காலையில் நன்றாக விழுந்து, தம்புள்ளை சேர்ந்ததும் மறுக்கும் வண்டியிற் சூடேறி நீர்த்த எண்ணெய் எங்கோ கசிந்தோடுகிறது, அல்லது பம்பி தேய்ந்துள்ளது, அல்லது வடி அடைபட்டிருக்கின்றது. பின்கியர் இன்னும் முற்றாகப் போகாத வண்டியில் அது விழும் நேரத்தை அளக்கலாம். பெட்டி சூடான பின், சமதரையில் பிரேக்கை நன்றாக மிதித்து, ‘என்’ இலிருந்து ‘ஆர்’ க்கு மாற்றியது முதல் உள்ளே பிடிக்கும் சிறு உதைப்பு உணரப்படும் வரையுள்ள நேரத்தைக் கைத்தொலைபேசியால் எடுக்க. டொயோட்டாக் கைந்நூல்கள் இதற்கு 1.5 செக்கனுக்குக் குறைவு என்றும், ‘டீ’ க்கு 1.2 செக்கனுக்குக் குறைவு என்றும் சொல்கின்றன. ஒரு நிமிட இடைவெளி விட்டு மும்முறை அளந்து சராசரி காண்பது முறை. ‘டீ’ சரியாக இருந்து ‘ஆர்’ மட்டும் இரண்டு, மூன்று செக்கன் தாமதிக்குமாயின், அறுவடைக் காலம் வருமுன்னரே வண்டியைக் காட்டிவிடுவது நலம். எஞ்சினை முழுதாக இரைத்துப் பார்க்கும் ‘ஸ்டோல்’ சோதனையை மட்டும் வீட்டிற் செய்யாதீர்கள். சில செக்கன்களிற் பெட்டியைக் கொதிக்க வைக்கும் சோதனை அது.

மேற்கூறிய எழுத்துக் குறிகள் டொயோட்டாவின் பின்சில்லு இயக்க வண்டிகளுக்கு உரியவை. மற்ற நிறுவனப் பெட்டிகளிற் பெயர்களும் சேர்க்கைகளும் வேறுபடும். ஆயினும் பின்கியரோடு சேர்ந்து போனது எது என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் பொருந்தும். அண்மைக் காலத்துச் சிறு கார்கள் பலவற்றில் உள்ள, பட்டியும் கப்பியும் கொண்ட படியிலாப் பெட்டிகள் தனி இனம். அவற்றுக்குரிய எண்ணெயும் தனி. ஒன்றன் எண்ணெயை மற்றதற்கு ஊற்றலாகாது. வயலிலே நெல் அறுக்கும் சங்கிலிச் சில்லு இயந்திரங்கள் பலவற்றில் முன்னும் பின்னும் செலுத்துவது நேரடி எண்ணெய் அமுக்க இயக்கமாகையால், அவற்றுக்கு ‘எல்’, மூன்றாம் கியர்ச் சோதனைகள் பொருந்தா. எண்ணெய் அளவையும் கைப்பிடி இணைப்பையும் முதலிற் பார்க்கும் ஒழுங்கு மட்டும் அங்கும் உதவும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால் உழவு இயந்திரத்திற் கயிறு கட்டி இழுத்துவருவது நம் பகுதியில் வழக்கம். கைக்கியர் வண்டிக்கு அது தீங்கன்று. தானியங்கிப் பெட்டியிலோ, எஞ்சின் ஓடாதபோது பம்பி சுழலாது. பம்பி சுழலாதபோது உள்ளே எண்ணெய் செல்லாது. பின்சில்லுகள் நிலத்தில் உருள உருளப் பெட்டியின் பாகங்கள் எண்ணெயின்றித் தேயும். பின்சில்லுகளைத் தூக்கி இழுக்கவும், அல்லது பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டைக் கழற்றிவிட்டு இழுக்கவும். தள்ளி எஞ்சினைத் தொடக்குவதும் இவ்வண்டிகளில் நடவாது. எண்ணெய் சிவப்பாகவும் மணமற்றும் இருந்து, குறை இணைப்பில் என்று கண்டால், முன்கியரிலேயே வீடு வந்து சேரலாம். நிறுத்தும் இடங்களில் முகப்பை வெளிப்புறம் நோக்கி வைக்கும் முன்யோசனை மட்டும் வேண்டும்.

திருத்தகத்துக்குச் செல்லும்போது, எண்ணெயின் அளவு, நிறம், ‘எல்’ இல் தாங்கியதா, மூன்றாம் கியர் பிடித்ததா, குளிரிலா சூட்டிலா என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு செல்வது நன்று. பெட்டியை இறக்கத்தான் வேண்டுமென்று முடிவானால், அடித்தட்டைக் கழற்றும்போது அருகில் நின்று அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோன்ற மெல்லிய படிவு இயல்பானது. கையிற் குத்தும் உலோகத் துணுக்குகள் இயல்பானவையல்ல. கழற்றிய பழைய தகடுகளைக் காட்டும்படி கேட்பதிற் கூச்சம் வேண்டாம். பூச்சு கருகியோ உரிந்தோ இராத தகடுகளை எரிந்தவை என்று எவரும் சொல்லுதல் அரிது. திருத்திய பெட்டியை மீண்டும் ஏற்றுமுன், றேடியேற்றருக்குள் செல்லும் எண்ணெய்க் குழாயும் கழுவப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும். அங்கே தங்கிய கருகிய தூள், முதல் நூறு கிலோமீற்றருக்குள்ளேயே புதிய தகடுகளிடம் வந்து சேரும்.